கேன் கணக்கில் தேன் வாங்குறீங்களா? எடை, ஈரம், பில்: புதுக்கோட்டை உணவுத் தொழில்கள் ஏமாறும் இடம் எது?

மே மாத வெயில். கடையின் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே, மூன்று வாரத்துக்கு முன்பு இறக்கிய 20 லிட்டர் தேன் கேன். பக்கவாட்டில் உப்பி நிற்கிறது. மூடியைத் திருகினால் 'புஸ்' என்று காற்று வெளியேறுகிறது. மேலே நுரை, லேசான புளிப்பு வாடை.

'கலப்படத் தேனைத் தலையில கட்டிட்டாங்க' என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அது முழுக்க முழுக்கச் சுத்தமான தேனாகவே இருக்கலாம். பக்கத்திலேயே உப்பாமல், நுரைக்காமல், பொன்னிறத்தில் மின்னும் இன்னொரு கேன் பாதிக்குப் பாதி சர்க்கரைப் பாகாகவும் இருக்கலாம்.

தேனை மொத்தமாக வாங்கும் உணவுத் தொழில்களுக்கு இதுதான் தலைவலி. கண்ணுக்குத் தெரியும் குறை வேறு, பணத்தைக் கரைக்கும் குறை வேறு, சட்டத்தில் மாட்டிவிடும் குறை வேறு. மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் நல்ல சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டு மோசமான சரக்கை வைத்துக்கொள்ளும் நிலைதான் வரும்.

புதுக்கோட்டையில் யாருக்கு இவ்வளவு தேன் தேவை?

பாட்டிலில் அடைத்து விற்பவர்கள் மட்டும் என்று நினைத்தால் தவறு. தேன் நெல்லி போடுபவர்கள், தினை லட்டு, கம்பு லட்டு செய்யும் மகளிர் குழுக்கள், லேகியம் தயாரிக்கும் சித்த மருந்துக் கூடங்கள், பேக்கரிகள், ஜூஸ் கடைகள், முந்திரியில் தேன் பூசி விற்க நினைப்பவர்கள் எனப் பட்டியல் நீளும். ஆதனக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர் போகிறவர்களுக்குச் சாலையோர வறுத்த முந்திரிக் கடைகள் தெரிந்திருக்கும். அந்த மாதிரிப் பொருளுக்குத் தேன் சேர்த்து மதிப்புக் கூட்டுவது இப்போது பலரும் எடுக்கும் முயற்சி.

ஒரு விஷயம்: பெட்டிக்கடையில் விற்கும் தேன் மிட்டாயில் தேன் கிடையாது. அது சர்க்கரைப் பாகில் ஊறிய மாவு உருண்டை. அதைச் சாப்பிடுபவர் யாரும் அதில் தேன் இருப்பதாக நம்பி வாங்குவதில்லை. ஆனால் 'தேன் நெல்லி' என்று லேபிள் ஒட்டினால் கதை வேறு. அங்கே 'தேன்' என்ற சொல்லுக்குச் சட்டப்படி பொறுப்பு வந்துவிடுகிறது.

முதல் கேள்வி: லிட்டரா, கிலோவா?

தேன் தண்ணீரைவிடக் கனமானது. 1 லிட்டர் தேன் சுமார் 1.4 கிலோ எடை இருக்கும். 20 லிட்டர் கேன் நிறைய தேன் இருந்தால் ஏறக்குறைய 28 கிலோ. 200 லிட்டர் டிரம் என்றால் 280 கிலோவுக்கு மேல்.

ஒருவர் லிட்டர் 420 ரூபாய் என்கிறார், இன்னொருவர் கிலோ 320 ரூபாய் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்டவுடன் இரண்டாமவர் மலிவு போலத் தெரியும். கணக்குப் போட்டால் முதலாமவரின் விலை கிலோவுக்கு 300 ரூபாய்தான். மொத்த வியாபாரத்தில் கிலோ கணக்குதான் வழக்கம். ஆனால் ஊர்ப்பக்கம் லிட்டர், படி, பாட்டில் என்று பேசுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எதில் பேசினாலும் தராசில் வைத்துக் கிலோவுக்கு மாற்றிப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும். காலி கேனின் எடையைக் கழிக்க மறந்தால் அதுவும் நஷ்டம்தான்.

எடை இன்னொரு துப்பும் தரும். நிரம்பிய 20 லிட்டர் கேனில் தேனின் எடை 27 கிலோவுக்கும் குறைவாக வந்தால், தேனில் தண்ணீர் அதிகம் என்று சந்தேகப்படலாம். ஆனால் எடை சரியாக இருப்பதால் தேன் சுத்தம் என்று ஆகிவிடாது. கெட்டியான சர்க்கரைப் பாகும் அதே எடைதான் காட்டும்.

ஈரப்பதம் ஏன் இவ்வளவு முக்கியம்?

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ) அளவுகோல்படி தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தென்னிந்தியாவில் பெட்டிகளில் வளர்க்கப்படும் இந்தியத் தேனீயின் தேனில் இது பெரும்பாலும் 20-ஐ ஒட்டியோ, அதைத் தாண்டியோதான் வருகிறது. காரணம், காற்றில் ஈரம் அதிகம். அதோடு அவசர அறுவடையும் சேர்ந்துகொள்கிறது.

தேனீ பூவிலிருந்து கொண்டுவரும் மதுரம் தண்ணி மாதிரி இருக்கும். அதை அடையில் ஊற்றி, இறக்கையால் விசிறி, நீரை ஆவியாக்கி, பக்குவம் வந்த பிறகு மெழுகால் அறையை மூடும். மூடிய அடை என்றால் தேன் முற்றிவிட்டது என்று பொருள். அடையில் முக்கால் பங்காவது மூடியிருக்கும்போது எடுத்தால் நல்லது. வியாபாரி அவசரப்படுத்துகிறார், கையில் காசு வேண்டும் என்று மூடாத அடையைச் சுழற்றி எடுத்தால் ஈரம் 23, 24 சதவீதம் என்று நிற்கும்.

அந்த ஈரத்தில் இயற்கையாகவே இருக்கும் ஈஸ்ட் வேலையைத் தொடங்கும். சர்க்கரை புளித்து, வாயு உண்டாகி, கேன் உப்பும். மேலே சொன்ன கேன் இப்படிப்பட்டதாக இருக்கலாம். அது கலப்படம் அல்ல, முற்றாத தேன்.

சுத்தமானதுதானே, அப்புறம் என்ன என்று விடவும் முடியாது. 24 சதவீத ஈரமுள்ள 100 கிலோ தேனில் நீரல்லாத பகுதி 76 கிலோ. அதை 20 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால் மிஞ்சுவது 95 கிலோ. அதாவது 100 கிலோவுக்குக் காசு கொடுத்து 5 கிலோ தண்ணீர் வாங்கியிருக்கிறீர்கள். அந்தத் தண்ணீரை ஆவியாக்கும் செலவு தனி.

இதைக் கண்டுபிடிக்க லேப் தேவையில்லை. 'ரிஃப்ராக்டோமீட்டர்' என்ற கைக்கருவி போதும். கண்ணாடியில் ஒரு சொட்டு தேன் விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் அளவு தெரியும். ஆனால் ஜூஸ் கடைகளில் பழச்சாறுக்கு வைத்திருக்கும் கருவி இதற்கு உதவாது. அதன் அளவுகோல் தேனின் கெட்டித்தன்மை வரை போகாது. தேனுக்கென்றே ஈரப்பதம் காட்டும் கருவி என்று கேட்டு வாங்க வேண்டும். தினமும் கேன் இறக்கும் தொழிலுக்கு இது தராசு மாதிரி அத்தியாவசியம்.

சோதிக்கும்போது கேனின் மேலிருந்து மட்டும் எடுக்கக் கூடாது. பல நாள் நின்ற கேனில் மேலே இளகியும் அடியில் கெட்டியாகவும் இருக்கும். அடிவரை கலக்கிவிட்டோ, மேல், நடு, அடி என மூன்று இடத்தில் எடுத்தோதான் பார்க்க வேண்டும்.

2020-ல் வெடித்த விவகாரம் என்ன?

ஈரம் நேர்மையான பிரச்னை. அடுத்தது அப்படியல்ல.

2020 டிசம்பர் 2-ம் தேதி டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் (சி.எஸ்.இ) ஓர் ஆய்வை வெளியிட்டது. சந்தையில் விற்கும் 13 நிறுவனங்களின் தேன் வாங்கிச் சோதிக்கப்பட்டது. 22 மாதிரிகளில் எல்லாச் சோதனைகளையும் தாண்டியவை வெறும் 5. மீதி 77 சதவீதத்தில் சர்க்கரைப் பாகு கலந்திருந்ததாக அந்த அமைப்பு சொன்னது. பெரிய நிறுவனங்கள் சில உடனே மறுத்தன. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ விதித்த அளவுகோல்கள் எல்லாவற்றையும் தங்கள் தேன் பூர்த்தி செய்கிறது என்பது அவற்றின் வாதம்.

அந்த வாதத்தில்தான் விஷயமே இருக்கிறது. அந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை இந்தியாவில் வழக்கமாகச் செய்யும் சோதனைகளில் தேறியிருந்தன. ஜெர்மனியில் செய்த என்.எம்.ஆர் என்ற நவீனச் சோதனையில்தான் மாட்டின. சி.எஸ்.இ இன்னொன்றும் செய்தது. பாகு தயாரிப்பவர்களிடமிருந்தே பாகை வாங்கி, நல்ல தேனில் தாங்களே கலந்து லேபுக்கு அனுப்பியது. பாதி அளவு பாகு கலந்த மாதிரிகள்கூட இந்தியச் சோதனைகளில் 'பாஸ்' ஆகின.

அப்படி எப்படித் தப்பிக்கிறது?

கரும்பும் மக்காச்சோளமும் 'சி4' வகைத் தாவரங்கள். நெல்லும் பீட்ரூட்டும் 'சி3' வகை. சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும் முறை இரண்டுக்கும் வேறு வேறு. அதனால் அவற்றிலிருந்து வரும் சர்க்கரையில் உள்ள கார்பனின் கையெழுத்தும் வேறு. தேனீ மதுரம் எடுக்கும் பூக்கள் பெரும்பாலும் சி3 வகை. ஆகவே தேனில் கரும்புச் சர்க்கரையோ, வெல்லப்பாகோ, மக்காச்சோளப் பாகோ கலந்தால் சி4 சோதனை காட்டிக்கொடுத்துவிடும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ இதற்கு 7 சதவீத உச்சவரம்பு வைத்திருக்கிறது.

கலப்படக்காரர்கள் அரிசிப் பாகுக்கு மாறினார்கள். அது சி3. தேனோடு கலந்தால் சி4 சோதனைக்குத் தெரியாது. அதைப் பிடிக்க வேறு சோதனைகள் வந்தன. உடனே அவற்றையும் தாண்டும்படி வடிவமைத்த பாகுகள் வந்தன. சீன நிறுவனங்கள் இணையதளங்களில் இதைச் சொல்லியே விற்றதை சி.எஸ்.இ ஆவணப்படுத்தியது.

அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் இந்தியத் தேனுக்கு 2020 ஆகஸ்ட் 1 முதல் என்.எம்.ஆர் சோதனை கட்டாயமாக்கப்பட்டது. உள்நாட்டு விற்பனைக்கான அளவுகோலில் அந்தக் கட்டாயம் இல்லை. ஐரோப்பாவிலும் நிலைமை ஒன்றும் சுத்தமில்லை. ஐரோப்பிய ஆணையம் 2023-ல் வெளியிட்ட அறிக்கையில், இறக்குமதித் தேன் மாதிரிகள் 320-ல் 147 சந்தேகத்துக்குரியவை என்று சொல்லப்பட்டது.

தண்ணீரில் விட்டுப் பார்த்தால் தெரியாதா?

தெரியாது. கிளாஸ் தண்ணீரில் சொட்டு விடுவது, திரியில் நனைத்துக் கொளுத்துவது, காகிதத்தில் ஊறுகிறதா என்று பார்ப்பது, எறும்பு மொய்க்கிறதா, நாய் நக்குகிறதா என்பதெல்லாம் தண்ணியாக இருக்கும் பாகை மட்டும்தான் காட்டும். கெட்டிப் பாகு தண்ணீரில் அடியில் போய் அழகாக உட்காரும். முற்றாத நல்ல தேனோ இந்தச் சோதனையில் 'ஃபெயில்' ஆகும். வீட்டுக்கு ஒரு பாட்டில் வாங்குபவர் ஆசைக்குச் செய்து பார்க்கலாம். டிரம் வாங்குபவர் இதை நம்பினால் அது சூதாட்டம்.

தேன் உறைந்து சர்க்கரை மாதிரி ஆகிவிட்டால் கலப்படம் என்பதும் பரவலான தவறு. குளுக்கோஸ் அதிகமுள்ள தேன் இயல்பாகவே உறையும். வட மாநிலங்களிலிருந்து வரும் கடுகுப் பூ தேன் நெய் மாதிரி இறுகிவிடும். அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, எத்தனை மாதமானாலும் உறையாத ஒன்றைத் தேடி வாங்குபவர் எதைத் தேடுகிறார் என்று யோசிக்க வேண்டும்.

ஆனால் உறைந்த தேனை நேராக அடுப்பில் வைக்கக் கூடாது. சூடு ஏற ஏற தேனில் எச்.எம்.எஃப் என்ற வேதிப்பொருள் கூடும். கிலோவுக்கு 80 மில்லிகிராம் என்பது அதன் உச்சவரம்பு. கேனை வெந்நீர்த் தொட்டியில் வைத்து, 45 முதல் 50 டிகிரி சூட்டில் மெதுவாக இளக்குவதுதான் வழி. பல மாதம் தகரக் கொட்டகையில் போட்டு வைத்தாலும் எச்.எம்.எஃப் ஏறும். புதுக்கோட்டை கோடைக்கு இது சாதாரண எச்சரிக்கை அல்ல. நல்ல தேனை வாங்கி, கெட்ட இடத்தில் வைத்து, நீங்களே அதைத் தரக்குறைவாக்கிவிட முடியும்.

தேன் எங்கிருந்து வருகிறது?

மாவட்டத்திலேயே பூவுக்குப் பஞ்சமில்லை. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னை, முந்திரி, பலா. வறண்ட பகுதிகளில் தைல மரக் காடுகள், வேம்பு, புளி. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் பலாவையும் சாய்த்துப் போட்டது. பிறகு மீண்டும் நட்டார்கள். இங்கே பெட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே தரத்தில், டன் கணக்கில் கொடுக்கும் அளவுக்கு என்றால் பெரும்பாலான தொழில்கள் வெளியே பார்க்க வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் அந்த 'வெளியே' என்றால் முதலில் மார்த்தாண்டம். 1910-களில் திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் இந்தியத் தேனீக்கு ஏற்ற பெட்டியை வடிவமைத்தார். இன்றும் அதற்கு நியூட்டன் பெட்டி என்றுதான் பெயர். 1920-களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ மூலம் ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். குமரி மாவட்டத்தில் அது ஒரு தொழிலாகவே வேரூன்றியது. 1990-களின் தொடக்கத்தில் 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் நோய் பெட்டிகளைப் பெருமளவில் காலி செய்தது, மெல்லத்தான் மீண்டது.

மார்த்தாண்டம் பக்கம் தேன் பெருகும் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது, இலைக்காம்பில் சுரக்கும் மதுரத்தைத் தேனீக்கள் எடுக்கும். பூவிலிருந்து அல்ல, இலைப்பக்கத்திலிருந்து! மொத்தமாக வாங்குபவருக்கு இதில் ஒரு செய்தி உண்டு. அறுவடை முடிந்த உடனே, மார்ச், ஏப்ரலில் ஆண்டுத் தேவைக்குப் பேசி வைப்பவருக்குச் சரக்கும் கிடைக்கும், விலையும் படியும். தீபாவளிக்கு முன்பு அலைபவருக்கு இரண்டும் கிடைக்காது. அந்த நேரத்தில் 'எவ்வளவு வேணும்னாலும் இருக்கு, மலைத்தேன்தான்' என்று ஒருவர் சொன்னால் சந்தேகம் வர வேண்டும். மலைத்தேன் பருவத்தில் கிடைப்பது. தொழிற்சாலை மாதிரி மாதாமாதம் வராது.

மூன்றாவது வழி, வட மாநிலத் தேன். பஞ்சாப், ராஜஸ்தான், பீகார் எனப் பெட்டிகளை லாரியில் ஏற்றிப் பூ தேடிப் போகும் இத்தாலியத் தேனீ வளர்ப்பு அங்கே பெரிய தொழில். இந்தியாவின் உற்பத்தி 2021-22-ல் சுமார் 1.33 லட்சம் டன். 2023-24-ல் ஏற்றுமதி மட்டும் ஏறக்குறைய 1.08 லட்சம் டன், மதிப்பு சுமார் 1,470 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் கிலோ 136 ரூபாய் சொச்சம். டிரம் தேனின் ஏற்றுமதி விலை அவ்வளவுதான்.

இந்த எண் இங்கே ஏன்? இந்தியத் தேனீத் தேன் பெட்டிக்குச் சில கிலோதான் கிடைக்கும். இத்தாலியத் தேனீப் பெட்டியில் அதைப்போலப் பல மடங்கு. எனவே வட இந்திய டிரம் விலையில் 'மார்த்தாண்டம் தேன்' கிடைத்தால், வட இந்தியத் தேனே வந்திருக்கலாம், அதைவிட மோசமானதும் வந்திருக்கலாம். கடுகுப் பூ தேனை அந்தப் பெயரிலேயே, அந்த விலைக்கு வாங்கி லட்டில் சேர்ப்பதில் தவறே இல்லை. லேபிளில் 'மலைத்தேன்' என்று போடாதவரை.

இன்னொரு நுணுக்கம். பூ இல்லாத மழைக்காலத்தில் தேனீக்கள் பட்டினி கிடக்காமல் இருக்கச் சர்க்கரைக் கரைசல் வைப்பார்கள். அது வழக்கமான பராமரிப்புதான். ஆனால் அந்தக் கரைசல் அடையில் சேர்ந்து, அதையும் சேர்த்து அறுவடை செய்தால் சி4 சோதனையில் மாட்டும். கலப்படம் செய்யும் எண்ணமே இல்லாதவரின் தேனும் தோற்பது இப்படித்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை வாங்கும் புதுக்கோட்டையில், 'கடைசியா எப்போ சர்க்கரை வச்சீங்க, எப்போ தேன் எடுத்தீங்க?' என்பது கேட்க வேண்டிய கேள்வி.

பில் இல்லாமல் வாங்கினால் என்ன ஆகும்?

'பில் வேண்டாம்னா கிலோவுக்குப் பத்து ரூபா குறைச்சுக்கலாம்.' மொத்த வியாபாரத்தில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை. தேனில் அந்தப் பத்து ரூபாய் ரொம்பக் காஸ்ட்லி.

உணவுப் பாதுகாப்பு அதிகாரி மாதிரி எடுப்பது பெரும்பாலும் விற்பனைக்கு வைத்திருப்பவரிடம்தான். தேன் நெல்லி பாட்டிலில் இருக்கும் தேன் தரம் குறைவு என்று அறிக்கை வந்தால், முதலில் பதில் சொல்ல வேண்டியவர் லேபிளில் பெயர் உள்ளவர். 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டப்படி தரம் குறைந்த உணவுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

அதே சட்டம் ஒரு கேடயமும் தருகிறது. 26-வது பிரிவின்படி, உணவுப் பொருளை விற்பவர் அதன் தன்மைக்கும் தரத்துக்கும் எழுத்துப்பூர்வ உத்தரவாதம் தர வேண்டும். பில்லோ, இன்வாய்ஸோ இருந்தால் அதுவே உத்தரவாதமாகக் கருதப்படும். 80-வது பிரிவின்படி, தான் நியாயமான எச்சரிக்கை நடவடிக்கை எல்லாம் எடுத்ததாகவும், தவறு வேறொருவரால் நடந்ததாகவும் நிரூபிப்பவர் அதைத் தற்காப்பாக வைக்கலாம். பில் இல்லாதவருக்கு இந்த இரண்டு கதவும் மூடியிருக்கும். சப்ளையர் போனை எடுக்கவே மாட்டார்.

பில்லில் சப்ளையரின் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் இருக்க வேண்டும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் 'ஃபாஸ்காஸ்' இணையதளத்தில் அதைப் போட்டால் உரிமம் உயிரோடு இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை. வெறுமனே 'தேன் - 10 கேன்' என்று எழுதிய பில் பாதி பில்தான். எடை, பேட்ச் எண், எந்த வகைத் தேன் என்பதும் இருக்கட்டும்.

லேப் ரிப்போர்ட் காட்டினால் நம்பலாமா?

பாதி நம்பலாம். ஒரு முறை எடுத்த ரிப்போர்ட்டை ஆண்டுக்கணக்கில் நகலெடுத்துக் கொடுப்பவர்கள் உண்டு. ரிப்போர்ட்டில் உள்ள பேட்ச் எண்ணும், கேனில் உள்ள பேட்ச் எண்ணும், தேதியும் ஒத்துப்போக வேண்டும். லேப் என்.ஏ.பி.எல் அங்கீகாரம் பெற்றதா, அந்த அங்கீகாரம் தேன் சோதனைகளுக்கும் உண்டா என்று பார்க்க வேண்டும். ஈரப்பதம், சுக்ரோஸ், எச்.எம்.எஃப் மட்டும் இருக்கும் ஒரு பக்க ரிப்போர்ட், பாகு கலப்பைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்லாது. சி4, அந்நிய ஒலிகோசாக்கரைடு, ஆன்டிபயாடிக் எச்சம் ஆகியவையும் இருந்தால்தான் அது மொத்த வியாபாரத்துக்கான ரிப்போர்ட்.

மாதம் இரண்டு கேன் வாங்கும் லட்டு யூனிட்டுக்கு ஒவ்வொரு முறையும் முழுச் சோதனை கட்டுப்படியாகாது. அங்கே வேறு உத்தி வேண்டும். கேன் இறங்கும்போது எடை, ஈரம் பார்ப்பது. ஒவ்வொரு பேட்சிலும் மூன்று சிறு பாட்டில் மாதிரி எடுத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு சீல் வைத்து, ஒன்றைச் சப்ளையரிடம் கொடுப்பது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை, முன்னறிவிப்பு இல்லாமல், ஏதோ ஒரு பேட்சை முழுச் சோதனைக்கு அனுப்புவது. எந்த பேட்ச் போகும் என்று தெரியாத சப்ளையர் எல்லா பேட்சிலும் ஜாக்கிரதையாக இருப்பார். பத்துப் பதினைந்து சிறு யூனிட்டுகள் சேர்ந்து ஒரே டிரம்மை வாங்கிச் செலவைப் பங்கிட்டால் இன்னும் நல்லது.

புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே, தஞ்சாவூரில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெமும் அங்கே உணவுப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறது. எந்தெந்தச் சோதனை அங்கே நடக்கும், கட்டணம் என்ன என்று கேட்டுக்கொண்டு மாதிரியை அனுப்பலாம்.

விற்பவர் பக்கம் என்ன நியாயம்?

இவ்வளவு கேள்வியும் கேட்டுவிட்டு, கடைசியில் பாகு கலந்த தேனின் விலைக்கே கேட்டால் பெட்டி வைத்திருப்பவர் என்ன செய்வார்? மூடிய அடை வரும்வரை காத்திருப்பதால் அவருக்கு அறுவடை குறையும், நாள் கூடும். அந்தச் செலவு விலையில் வர வேண்டும். 20 சதவீத ஈரத்துக்கு ஒரு விலை, அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் இவ்வளவு குறைப்பு என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டால் சண்டை இருக்காது. பால் சொசைட்டியில் கொழுப்பு பார்த்து விலை போடுவது மாதிரிதான்.

இருபது, முப்பது பெட்டி வைத்திருக்கும் ஒருவரால் தனியாகப் பேக்கரிக்குச் சப்ளை செய்ய முடியாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலம் சேர்த்து, வடிகட்டி, ஒரே பேட்ச் ஆக்கி விற்றால்தான் மொத்தச் சந்தையில் குரல் இருக்கும். வம்பனில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் தேனீ வளர்ப்பு பற்றிக் கேட்கலாம். தேசிய தேனீ வாரியத்தின் 'மதுகிராந்தி' இணையதளத்தில் தேனீ வளர்ப்பவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். தேன் எங்கிருந்து வந்தது என்று பின்தொடர்வதற்காகவே 2021-ல் தொடங்கப்பட்டது அது. பதிவு எண் இருந்தால், கேள்வி கேட்கும் வாங்குபவரிடம் காட்ட ஒரு ஆதாரம்.

பாத்திரமும் முக்கியம். தேன் அமிலத்தன்மை உள்ளது. துத்தநாகப் பூச்சு டின், துருப்பிடித்த டிரம் ஆகாது. எண்ணெய், பெயின்ட், ரசாயனம் வந்த கேனைக் கழுவித் தேன் ஊற்றுவது கூடவே கூடாது. உணவுத் தரப் பிளாஸ்டிக் கேன், அல்லது உட்புறம் உணவுத் தரப் பூச்சுள்ள டிரம்தான் சரி. மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 19 சதவீதமாக வாங்கியதும் மழைக்காலத்தில் 20-ஐத் தாண்டிவிடும்.

லேபிளில் என்ன போட வேண்டும்?

பொருளின் பெயரிலோ படத்திலோ தேனை முன்னிறுத்தினால், அதில் தேன் எத்தனை சதவீதம் என்று லேபிளில் குறிப்பிட வேண்டும். சர்க்கரைப் பாகும் தேனும் சேர்த்து நெல்லியை ஊறவைத்தால் இரண்டையும் மூலப்பொருள் பட்டியலில், அதிகம் உள்ளது முதலில் வரும்படி எழுத வேண்டும். பாகு சேர்ப்பது குற்றமல்ல, மறைப்பதுதான் குற்றம். சத்துமாவு, குழந்தை உணவு செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. பாட்டுலிசம் என்ற நஞ்சுக்குக் காரணமான கிருமி வித்துகள் சுத்தமான தேனிலும் இருக்கலாம்.

சந்தேகம் வந்துவிட்டது, சப்ளையர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்?

சட்டத்தின் 40-வது பிரிவு, உணவுப் பொருளை வாங்கிய எவரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் அதைச் சோதிக்கக் கொடுக்கலாம் என்கிறது. அப்படிச் செய்யப்போவதாக வாங்கும் நேரத்திலேயே விற்பவரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதால், விலை பேசும்போதே இதைச் சொல்லிவிடுவது நல்லது. அறிக்கையில் விதிமீறல் தெரிந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். சீல் வைத்து எடுத்த பாட்டிலும், பேட்ச் எண் எழுதிய பில்லும் கையில் இருந்தால், அந்த அறிக்கையை மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் கொடுத்துப் புகார் செய்யலாம். அதுவரை அந்த பேட்ச் கேன்களைத் தனியாக ஒதுக்கி, 'உபயோகிக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டி வைக்க வேண்டும். மற்ற கேன்களோடு கலந்துவிட்டால், எது எவருடையது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.